ஊறப்போட்ட சாமான்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் செய்கு அலாவுதீனின் கடையைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வந்ததில்லை. எங்கோ ஒரு கம்பெனியில் மெஷின் நின்றுபோயிருக்கும். அதை ஓட்டுகிற எலக்ட்ரானிக் கார்டு எரிந்திருக்கும். தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், அந்த மாடலை நிறுத்தி வெகுகாலமாயிற்று, புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்திருக்கும். புது மெஷின் விலையைக் கேட்டு முதலாளிக்குத் தலை சுற்றிய பிறகுதான் அலாவுதீன் போன்றவர்களின் ஞாபகம் வரும்.

அவர் செய்து வந்தது அதுதான். உலகம் கைவிட்ட சாமானை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பது. அஜ்மானிலோ ஜெபல் அலியிலோ ஒரு கம்பெனி மூடப்படுகிறது என்று காதில் விழுந்தால் போதும், வேனை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். பேனல்களைத் திறந்து கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பனியன் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். கடைக்குப் பின்னாலிருக்கும் கோடவுனில் உட்கார்ந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் ரப்பரால் அவற்றின் பித்தளைப் பற்களைத் தேய்ப்பார். ஆகஸ்ட் மாதத்தில் வெளியே நடப்பவனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கோடவுனில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டேயிருக்கும். முன்கடையில் அவருக்கு ஒரு ஃபேன்தான். சூடும் புழுக்கமும் மனிதனைக் கொல்லாது, சாமானைக் கொன்றுவிடும் என்பார்.

இந்த வியாபாரத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. யாராவது ஒரு நம்பரைச் சொல்லிக் கேட்டால் முதல் பதில் 'மாஃபி', அதாவது இல்லை. அலமாரித் தட்டில் நாலு பீஸ் இருந்தாலும் இல்லைதான். இருக்கிறது என்று உடனே சொன்னால் வாங்குகிறவன் பேரம் பேசுவான். இல்லையென்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் விட்டால், மெஷின் நின்ற தவிப்பில் அவனே விலையை ஏற்றிக்கொண்டு வருவான். அதன்பிறகு, எங்கெங்கோ அலைந்து கடைசி பீஸ் ஒன்று கிடைத்தது என்று போன் போட வேண்டும். இதற்கு அந்த வட்டாரத்தில் 'ஊறப்போடுறது' என்று பெயர். பொய் பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று ஜும்மாவில் கேட்டுக் கண்கலங்கியவர்களே, வெளியே வந்து செருப்பைத் தேடும்போது போனில் மாஃபி சொல்வார்கள். அது பொய் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மாவரைக்கிறவள் அரிசியை ஊறப்போட்டால் யாராவது கோபித்துக்கொள்வார்களா என்ன.

இன்னொரு வழக்கம், சாமான் எந்தக் கம்பெனிக்கு என்று கடைசிவரை சொல்வதில்லை. கம்பெனியில் கேட்பது மஸ்கட்டில் ஒரு வியாபாரியிடம். அவர் கேட்பது துபாய் தேராவில் ஃபாரூக்கிடம். ஃபாரூக் கேட்பது அலாவுதீனிடம். பெயரைச் சொன்னால் நடுவிலிருப்பவனைத் தாண்டி நேராகப் போய்விடுவார்கள் என்று பயம். ஆக, வாங்குகிறவன் யாரென்று விற்பவனுக்குத் தெரியாது. விற்பவன் யாரென்று வாங்குகிறவனுக்கும் தெரியாது.

கையில் என்ன இருக்கிறது என்பதை அலாவுதீன் வீட்டில்கூடச் சொல்லமாட்டார். அவர் குடியிருந்த ஷார்ஜா ரோலாவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவர் ஊர்க்காரர்கள், கீழக்கரைக்காரர்கள், பாதிப்பேர் ஒருவர் வீட்டில் ஒருவர் இருப்பார்கள். மாமியும் மச்சியுமாகச் சேர்ந்த இடத்தில் எந்தப் பேச்சும் தங்காது. ஒருமுறை மனைவி ஷம்சாத் ஒரு விருந்தில், அவுக நேத்து ஒரு கம்பெனி சாமானை மொத்தமா அள்ளிட்டு வந்தாக என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். மறுநாள் விடிவதற்குள் மார்க்கெட்டில் அந்தச் சாமானின் விலை படுத்துவிட்டது. அதிலிருந்து மனைவி கேட்டாலும் மகள் கேட்டாலும் அவர் வாயில் இல்லை என்பதுதான் முதலில் வரும்.

ஒரே மகள் சப்ரீனா. ஷார்ஜாவிலேயே படித்து வளர்ந்தவள். தமிழை ஊர்ப்பேச்சாகவும் மற்றதையெல்லாம் இங்கிலீஷாகவும் பேசுவாள். வீட்டில் எல்லோரையும்போல அவளுக்கும் 'இருக்கு' என்பது 'ஈக்கு', 'இருந்துச்சு' என்பது 'ஈந்துச்சு'. அவளைக் கட்டியவன் முகம்மது ரிபாய், ஊர்ப் பையன்தான். ஓமான் நாட்டுச் சோஹாரில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலை. மாமனாருக்கும் மருமகனுக்கும் அப்படியொரு ஒட்டுதல். சோஹாரிலிருந்து வந்தால் ரிபாய் நேராகக் கோடவுனுக்குத்தான் வருவான். சட்டைக் கையை மடித்துவிட்டு இவருக்கு எதிரே உட்கார்ந்து ரப்பரால் கார்டைத் தேய்ப்பான். மாமாவுக்குப் பிடிக்கும் என்று சோஹார் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவருவான். ஷம்சாத் அதை மாங்காய் போட்டு ஆணம் வைப்பாள். சாப்பாட்டுத் தட்டில் கையைக் காயவிட்டுக்கொண்டு இருவரும் மெஷின் கதை பேசுவார்கள், உள்ளேயிருந்து ஷம்சாத் திட்டும்வரை.

தன் கம்பெனிக்கு மட்டும் அவன் இவரிடம் சாமான் கேட்டதேயில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாமனார் ஸ்பேர் வியாபாரி, மருமகன் மெஷின்காரன், இனி அடிக்கடி ரிப்பேர் வரும் பாருங்கள் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சிரித்திருக்கிறான். கமிஷன் வாங்கினான் என்று ஒருவன் வாய்தவறிச் சொன்னால்கூட ரிபாயால் தாங்க முடியாது. அதனால் மாமாவின் தொழிலைப் பற்றி அவன் கம்பெனியில் மூச்சுவிடுவதில்லை.

அந்தக் கோடையில், அலாவுதீனை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற ஃபாரூக் போன் செய்து ஒரு கார்டு நம்பர் சொன்னார். மெஷினுக்கு முன்னால் ஆள் பாதுகாப்புக்காக ஓர் ஒளித்திரை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கையோ தலையோ குறுக்கே போனால் மெஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தத் திரையை இயக்குகிற கார்டு. நிறுத்தப்பட்ட மாடல், எங்கும் கிடையாது. அலாவுதீனின் மேல்தட்டில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. வழக்கம்போல இல்லையென்று சொல்லி, விசாரித்துப் பார்க்கிறேன் என்று போனை வைத்தார்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை சப்ரீனா போன் செய்தாள். பசியாறியாச்சா, உம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஷிரினின் கணவர் ஏதோ ஒரு ஸ்பேருக்கு அலைகிறார், இருக்குமா வாப்பா என்று நம்பரைப் படித்தாள். அதே நம்பர். இரண்டு திசையிலிருந்து ஒரே சாமானைக் கேட்டால், மார்க்கெட்டில் அது கிடையவே கிடையாது, இன்னும் பிடித்து வைக்க வேண்டும் என்பது அலாவுதீனின் தொழில் கணக்கு. "இல்லம்மா, அது இப்ப எங்கயும் கிடைக்காது. பாத்துச் சொல்றேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு மீன் கிடைக்கிறதா என்று கேட்டார். ஃபாரூக் மறுபடி கூப்பிட்டபோதும் மாஃபிதான் சொன்னார்.

ஒரே தேவைதான் இரண்டு வழியாக வந்து தன் கதவைத் தட்டுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை, ஊறியது போதும் என்று தோன்றி ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கினார். தூசி தட்டி மேசைமேல் வைத்து, ஃபாரூக்குக்குப் போன் போடக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது சோஹாரிலிருந்து போன் வந்தது. டைல்ஸ் பெட்டிகளை அடுக்குகிற மெஷினில் ஏதோ சிக்கியிருக்கிறது. எடுக்கப்போன ரிபாயின் மேல் அதன் கை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டான்.

கல்பா பார்டர் வழியாக அலாவுதீனும் ஷம்சாத்தும் போய்ச் சேர்ந்தபோது சப்ரீனாவுக்குக் குரல் போயிருந்தது. ஊருக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் மையத்து இருந்ததால் சோஹாரிலேயே அடக்கினார்கள். கீழக்கரையில் ரிபாயின் உம்மாவுக்கு வீடியோவில் முகத்தைக் காட்டினார்கள். அவர் அழவில்லை, புள்ள வெளுத்துப் போயிட்டானே என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அலாவுதீன் கபுருக்குள் இறங்கித் தன் கையால் மருமகனை வைத்தார். பிறகு மகளை அழைத்துக்கொண்டு ரோலாவுக்கு வந்தார். கம்பெனி கொடுத்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், இத்தா தகப்பன் வீட்டில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டுப்படி தாண்டாமல் இருக்கிற இருப்பு அது. வெள்ளை உடுத்திக்கொண்டு உள்ளறையில் சப்ரீனா உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே துபாய் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

அலாவுதீன் கடையைத் திறந்த அன்று ஃபாரூக் நேரிலேயே வந்தார். கட்டிப்பிடித்து அழுதார். என்ன பேசுவதென்று தெரியாமல்தான் அலாவுதீன் அதைச் சொன்னார், மேசைமேல் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. அந்த கார்டு கிடைச்சிருச்சு ஃபாரூக், கொண்டு போறதுன்னா கொண்டு போ என்றார்.

ஃபாரூக் பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"காக்கா, இது இங்கயா ஈந்துச்சு?"

"ஏன்?"

"பார்ட்டி பேரைச் சொல்லக்கூடாது. ஆனா இனி என்ன. இது அந்த சோஹார் டைல்ஸ் கம்பெனிக்குத்தான் காக்கா கேட்டாக. மாப்புள்ள வேலை பாத்த கம்பெனி. கார்டு வாற வரைக்கும்னு, திரை இல்லாமலே மெஷின் ஓடுற மாதிரி வயரைக் குடுத்து பைபாஸ் பண்ணி ஓட்டியிருக்காக. மவுத்துக்கு அப்பறம்தான் மஸ்கட்காரன் எனக்கே சொன்னான்."

ஷிரினின் கணவர் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் என்பது அப்போதுதான் அலாவுதீனுக்கு ஞாபகம் வந்தது. கேஷியருக்கு எதற்கு மெஷின் கார்டு? மகள் ரிபாய்க்காகத்தான் கேட்டாள் என்பதும், கமிஷன் பேச்சுக்குப் பயந்துதான் பெயரை மாற்றிக் கேட்டாள் என்பதும் ஒருசேரப் புரிந்தது. ஃபாரூக் போனது அவருக்குத் தெரியாது. கோடவுனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை வைத்து அழுதார்.

வீட்டுக்கு வந்து ஷம்சாத்திடம் சமையலறையில் வைத்துச் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே சொன்னாள்.

"வாயத் தொறந்துராதிய. புள்ள இத்தாவுல ஈக்கு. ஏற்கனவே பாதி உசுராக் கெடக்கு. உங்க மடியில தல வச்சிட்டுத்தான் கொஞ்சம் தூங்குது. அதையும் இல்லாமப் பண்ணிராதிய."

உண்மைதான். அலாவுதீன் கடையிலிருந்து வந்தால் சப்ரீனா சின்னப் பிள்ளை மாதிரி அவர் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்வாள். ஊர்ப் பெண்கள் துக்கம் கேட்க வரும்போதெல்லாம் ஒன்றே சொல்வாள்: அந்த ஸ்பேர் எங்கேயுமே கிடைக்கவில்லை, வாப்பாவே இல்லையென்று சொன்னார்கள், வாப்பாவிடம் இல்லாத சாமான் உலகத்திலேயே இருக்காது, இல்லாத சாமானுக்கு யாரைக் குற்றம் சொல்ல. வந்த பெண்கள் நசீபு, எழுதிவைத்த விதி என்பார்கள். அது அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. அலாவுதீன் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஷம்சாத் அவருக்கு முன்னால் டீயை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். அவர் மகளின் தலையைத் தடவுகிற கையை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

இப்படியே போயிருக்கும். ஷம்சாத் சொன்னதுபோல அவர் அதைக் கபுருக்குள் கொண்டுபோயிருப்பார். கெடுத்தது கம்பெனியிலிருந்து சப்ரீனாவுக்கு வந்த போன். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். விசாரணை முடிந்துவிட்டது, வயரைக் கொடுத்தது ரிபாய்தான், மெஷினை நிறுத்தாமல் உள்ளே கை விட்டதும் ரிபாய்தான், தப்பு அவர் மேல் என்று முடிவாகியிருக்கிறது என்றான். வயரைக் கொடுக்கச் சொன்னது யார் என்று அவள் கேட்டதற்கு, அதை விசாரணையில் யாரும் சொல்லவில்லை என்றான்.

சப்ரீனா அதைக் கேட்டு அழவில்லை. அன்றிலிருந்து அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் கம்பெனி மேல் அல்ல, செத்தவன் மேல். தொழுதுவிட்டு எல்லோருக்கும் துஆ கேட்பவள், ரிபாயின் பெயர் வருகிற இடத்தில் கையை இறக்கிவிட்டாள். அவன் சட்டை ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், அதை எடுத்து உம்மாவிடம் கொடுத்து எங்கேயாவது போட்டுவிடச் சொன்னாள். ஷம்சாத் அதை வாங்கித் தன் அலமாரியில் ஒளித்துவைத்தாள்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அலாவுதீன் அவளருகில் உட்கார்ந்திருந்தபோது அவளே பேசினாள்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன் வாப்பா. அவுகளுக்கு என் மேல பாசமே இல்ல. ஸ்பேர் இல்லன்னு தெரியும். நான்தான் வாப்பாவே இல்லன்னுட்டாகன்னு சொன்னேன். இல்லன்னா மெஷினை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதானே? ஒரு மேனேஜர் திட்டுறதுக்குப் பயந்து கைய விடுவாகளா? நான் ஒருத்தி ஈக்கேன்னு நெனப்பு வரலையா? எனக்கு அவுகள மன்னிக்கவே முடியல."

அலாவுதீன் வாசல்பக்கம் பார்த்தார். ஷம்சாத் நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணால் கெஞ்சினாள். சொல்லாமல் இருந்துவிட அவருக்கும் ஆசைதான். ஆனால் கபுருக்குள் அவர் கையால் வைத்தபோது அந்தப் பிள்ளையின் தலை அவர் தோளில் வந்து சாய்ந்தது. பேசாமல் இருந்தால் மகள் மடியிலேயே இருப்பாள், செத்தவன்தான் கெட்டவனாகக் கிடப்பான். அவ்வளவு கேவலமாகத் தன்னால் வாழ முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"மாப்புள்ளய ஒண்ணும் சொல்லாதம்மா" என்றார். "சாமான் ஈந்துச்சு."

சப்ரீனாவுக்குப் புரியவில்லை.

"நம்ம கோடவுன்ல ஈந்துச்சு. ஃபாரூக் கேட்டப்பவும் ஈந்துச்சு. நீ கேட்டப்பவும் ஈந்துச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன். ரெண்டு பேரு கேக்குறாகளேன்னு ஊறப்போட்டேன். மாப்புள்ள, சாமான் ரெண்டொரு நாள்ல வந்துரும்னு நம்பித்தான் வயரக் குடுத்திருக்காரு. வராம ஆக்குனது நான். அவரு மேல தப்பு இல்ல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷம்சாத் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். கீழே பஸ்காரன் துபாய் துபாய் என்று கத்திக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டப்ப அது எங்க ஈந்துச்சு?"

"மேல்தட்டுல."

"ஸ்டூல் போட்டா எடுக்கலாமா?"

"எடுக்கலாம்மா."

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதனுக்குக் கடைசிவரை ஒரு சின்ன ஆசை விடாது போலிருக்கிறது. "நீ ரிபாய்க்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அல்லா அறிய நான் அந்த நிமிசமே காரெடுத்துக் கொண்டாந்து குடுத்திருப்பேனேம்மா" என்று சொல்லி, பிள்ளைபோல விம்மினார்.

சப்ரீனா எழுந்துகொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்ப ஷிரின் வீட்டுக்காரருன்னா சாகலாமா வாப்பா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மச்சான் மச்சான் என்று அவள் கூப்பிட்டு அழுவது கேட்டது. அவன் செத்த நாளிலிருந்து அப்படி ஒரு அழுகையை அவள் அழுததில்லை. ஷம்சாத் அலமாரியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் அலாவுதீன் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி துஆவில் அவன் பெயரைச் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னபிறகு கதவு திறந்தது. சப்ரீனா முகம் கழுவித் தொழுதுவிட்டு வந்திருந்தாள். இப்போதாவது வந்து மடியில் விழுந்து திட்டுவாள், அடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கூடத்துக்கு வரவில்லை, அறைவாசலிலேயே நின்றாள்.

"உங்க சத்தம் கேட்டா எனக்கு அந்த போன்தான் ஞாபகம் வருது வாப்பா. ஒரே வீட்டுல ஈக்க என்னால முடியல. நான் எந்திரிச்சுப் போயிருவேன். ஆனா இத்தாவுல நான் படி தாண்டக்கூடாது."

ஷம்சாத் ஏதோ சொல்ல வந்தாள். சப்ரீனா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதனால நீங்க போங்க. கோடவுன்ல ஏசி ஈக்குல்ல, அங்க படுத்துக்கங்க. உம்மா சாப்பாடு குடுத்து விடுவாக. இத்தா முடிஞ்ச அன்னைக்கு நான் அவுக உம்மாகிட்ட ஊருக்குப் போயிர்றேன். அப்பறமா நீங்க உங்க வீட்டுக்கு வந்துக்கலாம்."

அலாவுதீன் சரி என்று தலையாட்டினார். மாற்றுச் சட்டை ஒன்றை ஷம்சாத் பையில் வைத்துக் கொடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மகள் கதவுக்கு அந்தப்பக்கம், அவர் கதவைச் சாத்துவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.